பெயர் இல்லாத பல்வலிக் கவிதை

ஓஹையோவின் சிற்றூர் ஒன்றில் வெண்டல் கிராஸ்பி என்ற கவிஞர் இருந்தார். முப்பது ஆண்டுகளாக நாளிதழில் தினம் ஒரு வேடிக்கைக் கவிதை எழுதி வந்தார். அவரிடம் கவிதைப் பாடம் கேட்ட ஹெஸ்டர் அவரைவிட எட்டு வயது மூத்தவர்; ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை.

ஒருநாள் ஹெஸ்டர் இரண்டு கடிதங்களோடு வந்தார்.

"பாஸ்டன் பதிப்பாளர் என் புத்தகத்தைப் போடுகிறாராம். ஆனால் வேடிக்கை எழுதுவதை விட்டுவிட வேண்டுமாம். வேடிக்கைக் கவிஞனுக்குப் பெயர் நிற்காதாம். இது அவர் கடிதம். இது என் சம்மதம். மாலைத் தபாலில் சேர்க்க வேண்டும்."

"சேர்க்க வேண்டியதுதானே?"

"உங்களைக் கேட்காமலா? சொல்லுங்கள், உங்கள் பெயர் நிற்குமா?"

"நான் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வாருங்கள், டீச்சரம்மா."

டாக்டர் ஓல்சனின் நாற்காலியில் ஒரு விவசாயி இரு கைகளாலும் பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. எதிர்ச் சுவரில் சிறிய கண்ணாடிச் சட்டத்துக்குள் நாளிதழில் வெட்டிய கவிதை ஒன்று. பிடுங்கப்படும் பல், நாக்கிடம் விடைபெறும் கவிதை. விவசாயி உதட்டசைத்துப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரி: 'இனிமேல் நீயே கடி.'

"ஐயோ டாக்டர், சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது!" என்றவர், கைகளைத் தளர்த்தி வாயைத் திறந்தார். "எவன் எழுதினது இது?"

"யாரோ பல் போனவன்," என்றார் வாசலில் நின்ற கிராஸ்பி.

ஹெஸ்டருக்கு முகம் சிவந்தது. கிராஸ்பி டாக்டரிடம் பல்லைக் காட்டி முடித்துத் தெருவுக்கு வரும்வரை பொறுத்தார். தபால் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"அது உங்கள் கவிதை. பெயரை வெட்டி எறிந்திருக்கிறார்களே! எந்தப் புண்ணியவான் செய்த வேலை?"

"நான்தான்."

"நீங்களா?"

"டாக்டரிடம் இருந்தது அந்த ஒரே சட்டம். கவிதை அதைவிட ஒரு வரி நீளம். கடைசி வரியை வெட்டுவதா, பெயரை வெட்டுவதா என்று கேட்டார். சிரிப்பு கடைசி வரியில் இருந்தது, டீச்சரம்மா."

ஹெஸ்டர் சம்மதக் கடிதத்தைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார்.