செங்கோலில் ஏறிய வாசனை

முன்னொரு காலத்தில், காலைப் பனி உச்சிவேளை வரைக்கும் கலையாத ஒரு நாட்டை மகரபூஷணன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். தன் ஊர்வலத்தில் தூறிய மேகத்துக்கு ஒருமுறை நாடுகடத்தல் உத்தரவே போட்டான். சாயங்காலம் மேகம் போய்விட்டது. அன்றிலிருந்து தன் உத்தரவுகள்மேல் அவனுக்கு அசாத்திய நம்பிக்கை.

ஒரு வருஷம் அந்த நாட்டில் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. முதலில் ஆற்றங்கரை ஓடக்காரர் குடியிருப்பில் கண்டது. பிறகு சந்தை, நெசவுத் தெரு என்று பனியோடு பனியாக ஊருக்குள் நகர்ந்தது. படுத்தவர்களில் சிலர் எழுந்தார்கள், சிலர் எழவேயில்லை. அரண்மனைக்குள் மட்டும் அது இன்னும் நுழையவில்லை.

"இந்த நோய் ஓடக்காரர்களோடு பிறந்தது மகாராஜா," என்றார் தளபதி சிங்கப் பேரரையர். "பெண்டு பிள்ளைகளோடு ஓடங்களில் ஏற்றிக் கடலுக்குள் தள்ளிவிட்டால் நோயும் கூடவே போய்விடும்."

ராஜா மேகத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டினான். "நாளைக்கே தள்ளிவிடுங்கள்."

மந்திரி ஆவுடையப்பர் ஜன்னல் வழியே கடற்பக்கம் பார்த்தார். ஐப்பசி மாதக் கடல். போனால் ஒரு குழந்தைகூடத் திரும்பாது. ஆனால் இந்த ராஜாவிடம் 'கூடாது' என்று சொன்னால், இன்றைக்கே தள்ளச் சொல்லிவிடுவான்.

"செய்யலாம் மகாராஜா," என்றார் மெதுவாக. "அவர்கள் போன பிறகும் நோய் இங்கேயே தங்கிவிட்டால் அடுத்து யாரை ஏற்றுவது என்று மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்வோம்."

பேரரையர் சிரித்தார். "மந்திரியாருக்குக் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு சுடும் போலிருக்கிறது. எனக்குப் பயமில்லை. ஓடக்காரன் நிழலைக்கூட நான் மிதித்ததில்லை. நான் நிற்கிற இடத்துக்கு நோய் வராது."

"நாளை ராஜசபைக் கொலு முடிகிற வரைக்கும் பொறுங்கள் மகாராஜா," என்றார் மந்திரி. "நோய் வருகிற வழியைக் கண்ணுக்கு நேராகக் காட்டுகிறேன். முடியாவிட்டால் முதல் ஓடத்தில் நானே ஏறிக்கொள்கிறேன்."

"துடுப்பு என் செலவு," என்றார் பேரரையர். ராஜாவும் பொறுக்கச் சம்மதித்தான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. கொலுவுக்கு வருகிறவர்கள் ராஜாவின் செங்கோலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசியில் ராஜாவிடம் போய்ச் சேரும்.

மறுநாள் மந்திரி சபை வாசலில் நின்று பேரரையருக்கு மட்டும் தாம்பூலத் தட்டை நீட்டினார். "நம் சண்டையெல்லாம் உள்ளேதான் தளபதியாரே. வெளியே ஒரு வெற்றிலை போடலாமே."

வெற்றிலையின் பின்புறம், விரல் படும் இடத்தில், கடல் கடந்து வந்த தைலம் ஒன்றைத் தடவியிருந்தார். அந்த நாட்டில் வேறு யாரிடமும் இல்லாதது. மனோரஞ்சிதமும் மழை விழுந்த மண்ணும் கலந்தாற்போல் ஒரு மணம். பேரரையர் மென்றுகொண்டே போய்ச் செங்கோலை வாங்கினார், ஒற்றினார், கொடுத்தார்.

கொலு நடந்தது. உள்ளே வந்த பனியில் தீபங்கள் மங்கலாய் நின்றன. பண்டிதர் பாதிச் சுலோகத்தில் கண்மூடி, "நந்தவனத்தில் ஏதோ பூத்திருக்கிறது," என்று முணுமுணுத்தார். எல்லோரும் பூவைத்தான் நினைத்தார்கள். நடுவில் ராஜா அந்தப்புரம் போய்த் தொட்டிலில் கிடந்த இளவரசனைக் கொஞ்சிவிட்டு வந்தான்.

கொலு முடிந்ததும், "எங்கே ஐயா உம்முடைய வழி?" என்றான்.

மந்திரி தைலக் குப்பியைத் திறந்து காட்டினார். "இந்த வாசனையை இன்று காலை ஒரே ஒருவர் கையில்தான் வைத்தேன். இப்போது யார் யாரிடம் இருக்கிறது, பாருங்கள்."

ஆளுக்கு ஆள் கையை முகர்ந்தார்கள். பொக்கிஷதாரின் மீசையில் மணத்தது. பண்டிதரின் கன்னத்தில் மணத்தது. ராஜா தன் விரலை மூக்கருகே கொண்டுபோனான். சட்டென்று எழுந்து உள்ளே ஓடினான்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை. "குழந்தையின் நெற்றியில் இருக்கிறது," என்றான். "யார் கையிலிருந்து புறப்பட்டது?"

"தளபதியார் கையிலிருந்து."

"நான் வேண்டுமென்றா கொடுத்தேன்?" பேரரையர் தன் கையை முகர்ந்து பார்த்தார். "என் கையில் இருந்ததே எனக்குத் தெரியாதே."

"ஓடக்காரர்களுக்கும் தெரியாது," என்றார் ஆவுடையப்பர்.

ராஜா செங்கோலைக் கீழே வைத்தான். "இனி இதை யாரும் தொடவேண்டாம். ஓடங்களை அவிழ்க்கவும் வேண்டாம். காய்ச்சல் கண்ட வீடு எந்தத் தெருவில் இருந்தாலும், அவர்கள் உள்ளே இருக்கட்டும், கஞ்சியும் மருந்தும் வாசலுக்குப் போகட்டும். தளபதியாரே, சுமப்பது நீர். பானையை வைத்து, குரல் கொடுத்து, தள்ளி நில்லும். முதல் பானை ஆற்றங்கரைக்கு."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றினான். "மந்திரியாரே, கிட்டே வாரும்."

"அங்கேயே வைத்துவிடுங்கள் மகாராஜா. தாங்கள் நகர்ந்ததும் எடுத்துக் கழுவிக்கொள்கிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாலையைப் படியில் வைத்தான், ஒதுங்கிக்கொண்டான்.

காய்ச்சல் ஊரைவிட்டுப் போகும்வரை, பிள்ளை கைநீட்டி அழுதாலும், ராஜா அந்தப்புரத்து நிலைப்படியைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே தாலாட்டுப் பாடினான். அவன் பாட்டைக் கேட்டுப் பிள்ளை தூங்கியதோ, பயந்து கண்ணை மூடிக்கொண்டதோ, யாருக்குத் தெரியும். அங்கே அவர்கள் பிழைத்துக்கிடந்தார்கள். இங்கே நாம் சுகமாக இருப்போம்.