ஊர்கோலக் கம்பெனி மஸில் கார் வாங்கினது

கூனம்பாளையம் ஊர்கோலக் கம்பெனியைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்படாத வரைக்கும் நல்லது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கல்யாணச் சமையல் பண்றவன் நான். மாப்பிள்ளை வந்து இறங்கினாத்தான் பந்தி போட முடியும். இந்தக் கம்பெனிக்காரங்க மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிறதுக்குள்ள என் ரசம் கொதிச்சுக் கொதிச்சு ஊறுகாய் ஆயிடும். அந்த எரிச்சலோடதான் இதைச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

கம்பெனியில நாலு பேர். தலைவர் அங்கப்பன், தொண்டையைச் செருமாம ஒரு வார்த்தை பேச மாட்டார். கிட்டுசாமி, யார் என்ன சொன்னாலும் ஆமாங்கிற ஆள். தவசியப்பன் யோசிக்கிறவர். அதுதான் அந்தக் கம்பெனியைப் பிடிச்ச சனி. நாலாவது டிரைவர் மாசிலாமணி. மாப்பிள்ளையைப் பூ அலங்காரம் பண்ணின கார்ல உக்கார வெச்சு, முன்னால நாயனமும் தவிலும் போக, கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலமாக் கொண்டுவந்து விடறது இவங்க தொழில். மாசிலாமணி ஸ்டியரிங் பிடிச்ச நாள்ல இருந்து ரெண்டாவது கியரைத் தொட்டதே இல்லை.

அவங்க வெச்சிருந்தது ஒரு ஓட்டை வெள்ளைக் கார். போன ஆவணியில ஒரு மாப்பிள்ளை ஏறி உக்கார்ந்ததும் அடித்தகடு பேந்து ரோட்டுல விழுந்துடுச்சு. மாப்பிள்ளை காருக்குள்ளேயே குனிஞ்சு நின்னு மண்டபம் வரைக்கும் நடந்தே வந்தார். வண்டி வேகமும் நடை வேகமும் ஒண்ணுங்கிறதால பொண்ணு வீட்டுக்காரங்க யாருக்கும் வித்தியாசம் தெரியலை. பட்டு வேட்டியில கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மாசிலாமணிக்கே கல்யாணம் நிச்சயமாச்சு. பொண்ணு பூங்கோதை, நூல் மில்லுல சூப்பர்வைசர், நல்ல விவரமானவ. எப்படி இவனுக்குச் சம்மதிச்சான்னு கேக்காதீங்க, முறைப்பொண்ணு, சின்ன வயசுல இருந்தே அவன் மேல பிரியம்.

மாசிலாமணிக்கு ஒரே ஆசைதான். "ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைங்களை எல்லாம் கார்ல கொண்டுபோய் எறக்குனேன். என் கல்யாணத்துக்கு நான் நடந்தா போறது?"ன்னு என் அடுப்படிக்கே வந்து புலம்பினான். எனக்கே பாவமா இருந்தது. போன்ல அவன் ஒரு சிவப்பு மஸில் கார் பார்த்து வெச்சிருந்தான். கட்டில் நீளத்துக்கு முன்பக்கம், ரெண்டே கதவு, போன்லயே அது ஸ்டார்ட் ஆகி உறுமற உறுமல்ல தெருவுல பால்காரர் மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுது. அதைப் பார்த்த பிறகு வேற எந்தக் காரும் அவன் கண்ணுக்குத் தெரியலை.

தவசியப்பன் மாமனார் நிலம் பைபாஸ் ரோட்டுக்குப் போனதுல கையில பணம் இருந்தது. அதனால விலையைப் பத்திக் கவலை இல்லை. புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதாங்கிறதுதான் கவலை.

பூங்கோதை போன்ல சொன்னா: "மாமா, காரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு நீங்க வந்து சேந்தாப் போதும். வாங்கித்தான் ஆகணும்னா நாலு பேரைக் கேட்டுட்டு வாங்குங்க."

மாசிலாமணி போனை வெச்சுட்டு விரல்விட்டு எண்ணினான். கம்பெனியில சரியா நாலு பேர் இருந்தாங்க. வெளியில அலைய வேண்டிய வேலையே இல்லை.

அங்கப்பன் தொண்டையைச் செருமினார். "மொதல்ல என்னைக் கேளு."

"கேக்கறனுங்கண்ணா. புதுசா, பழசா?"

"புதுசு. பழசுன்னா இன்னொருத்தன் உக்காந்த சீட்டு. அவன் எந்திரிச்சுப் போயிட்டானான்னு நமக்கெப்படித் தெரியும்?"

"ஆமாங்"ன்னார் கிட்டுசாமி.

தவசியப்பன் தலையை ஆட்டினார். "புதுசுக்கு ஓடத் தெரியாதுங்கண்ணா. பொறந்ததுல இருந்து கண்ணாடி ரூமுக்குள்ளயே நின்னுட்டு இருக்குது. மாட்டைக்கூடப் பழக்காம வண்டியில பூட்டறமா?"

"அதுவும் ஆமாங்"ன்னார் கிட்டுசாமி.

"அப்பப் பழசுங்கறயா?"

"அதுலயும் ஒரு சங்கட்டம் இருக்குதுங்கண்ணா. பழைய வண்டி அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குதும்பாங்க. சும்மாவா ஓடும்? எங்கியோ போகோணும்னுதான் ஓடியிருக்கும். இப்ப விக்கறாங்கன்னா போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம். போய்ச் சேந்த வண்டி மறுபடி எதுக்குக் கெளம்பும்?"

மூணு பேரைக் கேட்டாச்சு, இன்னும் ஒரு ஆள் பாக்கி. கடைசியில மாசிலாமணி தன்னைத்தானே கேட்டுக்கிட்டான். "மாசிலாமணி, புதுசா பழசா?" கேட்டுட்டு, "எனக்குத் தெரியலையே"ன்னு மரியாதையாப் பதிலும் சொன்னான். ஆக நாலு பேரைக் கேட்டாச்சு. ரெண்டையும் நேர்ல பார்த்துட்டா என்னன்னு அங்கப்பனுக்குத் தோணினது அதுக்கப்புறம்தான்.

முதல்ல கோயமுத்தூர்ல ஒரு பெரிய கார்க்கடை. டை கட்டின விற்பனைக்காரர் ஓடி வந்தார். "சார், நின்ன இடத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலே செகண்டுல பிடிச்சிடும்!"

அங்கப்பன் முகம் தொங்கிப்போச்சு. "அத்தனை அவசரமுங்களா? முன்னால நாயனக்காரர் நடந்து போறாரே, அவர் கதி என்னாகறது? அதை விடுங்க தம்பி. மெதுவாப் போறதுல எப்படி?"

"நாலு ரோட்டு முக்குல தவில்காரர் வாசிக்க ஆரம்பிச்சார்னா, அவர் கை ஓயற வரைக்கும் கோவிச்சுக்காம நிக்குமுங்களா?"ன்னு தவசியப்பன் கேட்டார்.

அந்த மனுசனை அதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "நீங்க ஒரு டெஸ்ட் டிரைவ் போய்ப் பாருங்க சார். வழக்கமா எப்படி ஓட்டுவீங்களோ, அப்படியே ஓட்டிப் பாருங்க."

"அப்படியேங்களா?"

"அப்படியே சார்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டார். மறுநாள் மத்தியானம் நாயனம், தவில், ஜால்ரா, பட்டப்பகல்ல எரியற காஸ் லைட், சரிகைக் குடை எல்லாத்தோடயும் நாலு பேரும் கடை வாசல்ல வந்து நின்னாங்க. மாசிலாமணி பட்டு வேட்டியும் ரோஜா மாலையுமா மாப்பிள்ளைக் கோலத்துல இருந்தான். அவனைப் பின் சீட்டுல உக்கார வெச்சா குட்டி ஜன்னல்ல மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. மாப்பிள்ளை முகம் தெரியாத ஊர்வலம் உண்டான்னு கேட்டு, அங்கப்பன் அவனைத் தூக்கி பானெட் மேல உக்கார வெச்சுட்டார். விற்பனைக்காரரே ஓட்ட வேண்டியதாப் போச்சு.

நல்ல சித்திரை வெயில். வண்டி நாயனத்துக்குப் பின்னால ஊர்ந்துக்கிட்டே போக, அதுக்குப் பின்னால பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துது. உள்ள இன்ஜின் கொதிக்கக் கொதிக்க மேல தகடு தோசைக்கல்லாச்சு. மாசிலாமணி முதல்ல நெளிஞ்சான். அப்புறம் எந்திரிச்சு, வலது காலை ஊனி இடது காலைத் தூக்கினான், இடது காலை ஊனி வலது காலைத் தூக்கினான். மாப்பிள்ளை ஆடறார்னு நினைச்சு தவில்காரர் குஷியாகி வேகத்தைக் கூட்டிட்டார். கடைசியில குபுகுபுன்னு ஆவி வந்து வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு. விற்பனைக்காரர் இறங்கி, டையை அவுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

"நடக்கக்கூடத் தெரியாத வண்டி"ன்னார் அங்கப்பன். "தவசி சொன்னது நெசம்தான். பழக்கவே இல்லை."

சரி, பழசைப் பார்ப்போம்னு பக்கத்து ஊர்த் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போனாங்க. அவர் வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்தப்போ கொண்டுவந்த சிவப்பு மஸில் கார் ஷெட்டுல நின்னுது, மேல உறை போட்டு மூடி. கேட்டுக்கு வெளியிலயே நின்னு புதுசா பழசான்னு மறுபடியும் ஆரம்பத்துல இருந்து பேசினாங்க. சத்தம் தாங்காம வீட்டுக்குள்ள இருந்து அவரே வெளிய வந்து கூட்டிட்டுப் போனார்.

"இதா பாருங்கப்பா, இப்ப எப்படி இருக்குதோ அப்படியேதான் எடுத்துக்கோணும். நாளைக்கு வந்து அது நொட்டை இது நொள்ளைன்னு நிக்கக் கூடாது. சம்மதமா?"

"சத்தியமாங்க. இருக்கறபடியே எடுத்துக்கறோம்"னு அங்கப்பன் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிப் பணத்தைக் கொடுத்தார். தோட்டத்துக்காரர் சாவி எடுக்க உள்ள போனார்.

மாசிலாமணி ஆசையா உறை மேல கையை வெச்சான். தவசியப்பன் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டார். "என்ன பண்றே? இப்ப இது மூடித்தானே இருக்குது? தொறந்தா இருந்தபடி இருக்குமா?"

"சரி, ஸ்டார்ட் பண்ணட்டுங்களா?"

"இப்ப ஓடிட்டா இருக்குது? நிக்குது. ஸ்டார்ட் பண்ணினா சத்தியம் என்னாகும்?"

ஆக, மூடினது மூடினபடி பின்னால இருந்து தள்ளினாங்க. தோட்டத்துக்காரர் சாவியோட வெளிய வந்தப்போ ஷெட்டு காலி. தள்ளிப் பார்த்தா, என்ன அதிசயம்! நாயனக்காரர் நடைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி போகுது. வழியெல்லாம் மாசிலாமணிக்கு ஆனந்தக் கண்ணீர்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. கதவைத் தொறந்தாலும் சத்தியம் தப்பிப்போகுமே. ஜன்னல் கண்ணாடி முன்னாலயே இறங்கியிருந்ததால, உறைக்கு அடியில பூந்து ஜன்னல் வழியா மாசிலாமணியை உள்ள திணிச்சாங்க. ஊர்வலம் மண்டபத்துக்கு வந்துது. பூங்கோதையோட அண்ணன் மாலையும் கையுமா காரை ஒரு சுத்துச் சுத்தினார். எங்கயும் மாப்பிள்ளை இல்லை.

"மாப்பிள்ளை எங்கீங்க?"

"மச்சான், நான் இங்கதான் இருக்கறனுங்!"னு உறைக்குள்ள இருந்து குரல் வந்துது.

"அட, உறையை எடுங்கப்பா!"

"முடியாதுங்க. சத்தியம் பண்ணியிருக்கோம்."

"அப்ப ஜன்னல் வழியா எறங்கச் சொல்லுங்க!"

"ஜன்னல் வழியா எறங்கற மாப்பிள்ளையை நீங்க பாத்திருக்கீங்களா?"ன்னு அங்கப்பன் கேட்டார். யாரும் பார்த்ததில்லை.

முகூர்த்தம் நெருங்கிட்டே இருக்கு. ஐயர் வாட்சைப் பார்க்கிறார். உள்ள மாசிலாமணி தேம்பறான். "ஊரே பாக்கட்டும்னுதான் கார்ல வந்தேன். ஒருத்தரும் பாக்கலை. இப்பக் கல்யாணமும் போச்சே!" நான் கரண்டியைப் போட்டுட்டு வாசலுக்கே வந்துட்டேன்.

பூங்கோதை முகூர்த்தப் புடவையோட விடுவிடுன்னு இறங்கி வந்தா. "ஏனுங் அண்ணா, அந்தத் தோட்டத்துக்காரர் சொன்னப்ப வண்டிக்குள்ள ஆள் இருந்துதுங்களா?"

தவசியப்பன் நல்லா யோசிச்சார். "இல்லீங் அம்மணி."

"இப்ப உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்குதே. அப்ப இது இருந்தபடியா இருக்குது?"

"ஐயையோ, சத்தியம் தப்பிப்போச்சே!" மூணு பேரும் உறைக்குள்ள பாய்ஞ்சு, மாசிலாமணியை ஜன்னல் வழியா இழுத்துப் போட்டாங்க. மாலை அறுந்து, தலைப்பாகை கழண்டு, அவன் நேரா மணவறையில போய் விழுந்தான். தாலி கட்டியாச்சு. சந்தோசமா பாயசத்தை இறக்கினேன்.

பந்தியில தவசியப்பன் பாயசத்துல கையை வெச்சவர் அப்படியே நிறுத்திட்டார். "அம்மணி சொன்னது நாயம்னா, இன்னொண்ணும் இருக்குதே. அன்னைக்கு வண்டி எங்க இருந்துது?"

"ஷெட்டுலீங்."

"இப்ப எங்க இருக்குது?"

நாலு இலையில பாயசம் அப்படியே கிடக்க, நாலு பேரும் எந்திரிச்சுட்டாங்க, மாப்பிள்ளை உட்பட. எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்! பூங்கோதை தலையில அடிச்சுக்கிட்டா. "நான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்"னு சொல்லிட்டு, குடையை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனா. கட்டின புருசனை எங்கயாவது விட்டுட்டு வந்துடுவாங்கன்னு அவளுக்குப் பயம்.

வண்டியைத் தள்ளிட்டுப் போய் ஷெட்டுல அதே இடத்துல நிறுத்தினாங்க. அங்கப்பன் சுத்தி வந்து பார்த்தார். உறை சரி, ஜன்னல் சரி. "அன்னைக்கு வந்ததும் மொதல்ல நாம எங்க நின்னோம்?"

"கேட்டுக்கு வெளியிலீங்."

நாலு பேரும் வெளிய போய் நின்னாங்க. அப்பத்தான் கிட்டுசாமி, வாழ்க்கையில முதல் தடவையா, ஆமாங்கிறதைத் தவிர ஒண்ணு சொன்னார். "அன்னைக்கு மாசிலாமணிக்குக் கல்யாணம் ஆகலீங்களேண்ணா?"

எல்லாரும் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தாங்க. அவ குடையை மடக்கி, தலைகீழாத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டா.

அங்கப்பன் அவசரமாத் தொண்டையைச் செருமினார். "வண்டி மட்டும் இருந்தபடி இருந்தாப் போதும். சரி, அன்னைக்கு இங்க நின்னு என்ன பண்ணிட்டிருந்தோம்?"

"புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதான்னு பேசிட்டிருந்தோமுங்."

"அப்பப் பேசுங்கப்பா! ஏன் சும்மா நிக்கறீங்க?"

போன வாரம் ஒரு வளைகாப்புச் சமையலுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுல போனேன். நாலு பேரும் கேட்டுக்கு வெளியில நின்னு பேசிட்டுத்தான் இருந்தாங்க. பூங்கோதை தூக்குப்போசியில சோறு கொண்டுவந்து வெச்சுட்டு, மரத்தடியில உக்கார்ந்திருந்தா. தோட்டத்துக்காரர் சாவியும் கையுமா ஒவ்வொருத்தர் முன்னாலயும் போய், "புதுசே வாங்கிக்கோங்கப்பா, நானே வாங்கித் தர்றேன்"னு கும்பிட்டுக்கிட்டு இருந்தார். ஒருத்தரும் அவரைக் கண்டுக்கலை. அன்னைக்கு இந்த நேரத்துல அவர் இன்னும் வீட்டுக்குள்ள இருந்து வெளியிலயே வரலைன்னு தவசியப்பன் சொல்லிட்டாராம்.