அம்மியோடு ரங்கூனுக்குப் பறந்த மாப்பிள்ளை

கோடங்குடிக்காரர்கள் சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள். இம்மிகூட மீறமாட்டார்கள். அது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவர்களோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஊர் ஒப்பிலாமணிக்கு ரங்கூனில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் செண்பகவல்லி. ஆளை அவன் பார்த்ததே இல்லை. பேரைக் கேட்டதற்கே பாதிச் சாப்பாடுதான் இறங்கியது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். தவறினால் முறைமாமன் தாலி கட்டிவிடுவானாம்.

சம்பந்தி சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "கப்பல் கரைக்கு வந்ததும் ஏறிடுங்க. பொண்ணு மிதிக்க ஒரு அம்மி கொண்டாங்க. இங்க நல்ல கல்லு கிடைக்காது."

நாகப்பட்டினத்தில் கப்பல் எட்டத்தில்தான் நிற்கும். படகில் போய்த்தான் ஏறவேண்டும். படகுக்காரன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். மாப்பிள்ளையும் தாய்மாமன் பக்கிரிசாமியும் சித்தப்பா தருமலிங்கமும் மணலில் அம்மியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"கப்பல் இன்னும் கரைக்கு வரலியே" என்றார் மாமா.

"கூட்டத்தைப் பார்த்து வெட்கப்படுதோ என்னமோ" என்றார் சித்தப்பா.

கப்பல் போயே போய்விட்டது. ஒப்பிலாமணி குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அதே கரையில் சவரிமுத்து என்கிற விமானி, தண்ணீரில் மிதக்கிற ஏரோப்ளேன் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். வங்காள விரிகுடாவை ஆகாயத்தில் தாண்டும் முதல் ஆள் தானாக இருக்கவேண்டுமென்று அவருக்கு வெறி. அழுகிற மாப்பிள்ளையைப் பார்த்து மனம் இளகி, ரெண்டு நாள் கழித்துக் கிளம்பும்போது மூவரையும் ஏற்றிக்கொண்டார். அன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ, பாவம்!

நடுக்கடலில் ஏரோப்ளேன் தாழ ஆரம்பித்தது.

"கனம் தாங்கலை! தேவையில்லாததைத் தூக்கி எறிங்க!" என்று கத்தினார் சவரிமுத்து.

"அம்மியைப் போடலாமா மாமா?" என்றான் ஒப்பிலாமணி.

"அட கிறுக்குப் பயலே! அம்மி இல்லாம அவ எதை மிதிப்பா? உன்னையா?"

சித்தப்பா ஒரு தகர டின்னைத் திறந்து மோந்து பார்த்தார். "ஐயே, என்ன எண்ணெய்டா இது? அப்பளம்கூடப் பொரிக்க முடியாது." பெட்ரோல் டின்கள் எல்லாம் கடலுக்குள் போயின.

"இந்தத் திசைகாட்டி?" என்றான் ஒப்பிலாமணி.

"எப்பப் பார்த்தாலும் வடக்கையே காட்டுது. நாம போறது கிழக்கு. நமக்கு எதுக்கு?" என்றார் மாமா. அதுவும் போயிற்று.

கனம் குறைந்ததும் ஏரோப்ளேன் ஜோராக எழும்பியது. "பார்த்தீங்களா, நம்ம யோசனை!" என்று மாமா பூரித்துப்போனார். சற்று நேரத்தில் பெட்ரோல் தீர்ந்து, ஏரோப்ளேன் கடலில் போய் உட்கார்ந்தது. சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

நல்லகாலம், அவர்கள் தவறவிட்ட அதே கப்பல் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் ஏணியை இறக்கினார். சவரிமுத்து குரங்காய்த் தாவி ஏறிவிட்டார். மற்ற மூவரும் அசையவில்லை.

"ஏறுங்கய்யா, முழுகிப்போவீங்க!" என்று கத்தினார் கேப்டன்.

மாமா எழுந்து நாலாபக்கமும் பார்த்தார். "இங்க கரை எங்க இருக்கு? கரைக்கு வந்தப்புறம்தானே ஏறச் சொன்னாங்க?"

கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. கேப்டன் ஏரோப்ளேனைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். மூவரும் இறக்கைமேல் உட்கார்ந்து, கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். "ஆகாயப் பிரயாணத்துல இவ்வளவு தண்ணி தெறிக்கும்னு யாருமே சொல்லலியே" என்று சித்தப்பா குறைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ரங்கூன் வந்தது. அங்கே கப்பல் கரையை ஒட்டியே நிற்கும். சரக்கை இறக்கி, திரும்பிப் போகிற சரக்கை ஏற்றி முடித்த பிறகுதான் ஏரோப்ளேன் கயிற்றை அவிழ்க்க ஆள் வந்தான். கரையில் நாயனமும் மேளமுமாகச் சம்பந்தி வீட்டார். நடுவில் மாலையும் கையுமாகச் செண்பகவல்லி.

பக்கிரிசாமி மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடேய், கப்பல் கரைக்கு வந்துடுச்சுடா! ஏறுங்க, ஏறுங்க!"

மூவரும் அம்மியைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று கப்பலில் ஏறினார்கள். சவரிமுத்து தடதடவென்று இறங்கி, திரும்பியே பார்க்காமல் ஓடினார்.

சங்கு ஊதியது. கப்பல் நாகப்பட்டினத்தைப் பார்த்து நகர்ந்தது. கரையிலிருந்து சம்பந்தி கத்தியது மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒப்பிலாமணி மேல்தட்டில் நின்று, அழுகிற அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவனுக்கு மனசே ஆறவில்லை.

"பாவம் மாமா! எந்த முட்டாப்பயலோ அந்தப் பொண்ணைக் காக்க வெச்சுட்டான். கப்பலைச் சீக்கிரம் விடச் சொல்லுங்க, என் செண்பகமும் ரங்கூன்ல இப்படித்தானே நின்னுக்கிட்டிருப்பா!"