நீலம் ஏறிய தண்ணீர்

என் மனைவி அமுதவல்லியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வார்டில், பார்வையாளர் நேரத்தில்.

"மீனெல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"நீ கை வைக்காம இருக்கிறதால நல்லா இருக்கு," என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலை நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி. உயிருள்ள பவளமும் மீன்களும். முடி போலப் பச்சைப் பாசி படர்ந்து பவளத்தை மூடத் தொடங்கியபோது, அவள் அடிக்கடி தீனி போடுவதுதான் காரணம் என்று முடிவு செய்தேன். மிஞ்சிய தீனி அழுகினால் பாசிக்கு உரம் என்று படித்திருந்தேன். வந்தவர்கள் எதிரில்கூட அவளைக் குத்திக்காட்டினேன். தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அவள் போன பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை மட்டும் போட்டேன். நான்கு மாதம் ஆயிற்று. மீன்கள் மெலிந்தன. பாசி குறையவில்லை.

கொளத்தூரில் கடல்மீன் கடை வைத்திருந்த புஷ்பராணியிடம்தான் தொட்டி வைக்கக் கற்றுக்கொண்டேன். என்னைவிட இருபது வயது இளையவர். முன்பு பள்ளியில் வேதியியல் நடத்தியதால் எல்லோருக்கும் டீச்சர். எனக்கும்தான்.

"டீச்சர், பாசியை ஒழிக்க ஒரு வழி சொல்லுங்க."

"இப்ப என்ன பண்றீங்க?"

"தினமும் பிரஷ்ஷால தேய்க்கிறேன்."

"கல்லுக்குப் பல் விளக்கி விடுறீங்களா? காலையில மட்டுமா, ராத்திரியும் உண்டா?"

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தீனி யார் போடுறது சார்?"

"இப்ப நான். முன்னாடி அமுதா, அள்ளி அள்ளிப் போடுவா. அதுல வந்த வினைதான். பழைய அழுக்கு இன்னும் மணல்ல தங்கியிருக்கும், இல்லீங்களா?"

ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். பாசி அவளால் வந்தது என்றால், வார்டில் நான் சொன்னது வெறும் கடுமை. இல்லையென்றால் அது அநியாயம்.

"ரெண்டு பாட்டில்ல தண்ணி கொண்டாங்க," என்றார். "ஒண்ணு தொட்டித் தண்ணி. இன்னொண்ணு, தொட்டியில ஊத்தறதுக்கு முன்னாடி பிடிச்சு வைக்கிற புதுத் தண்ணி."

மறுநாள் கொண்டுபோனேன். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, மருந்து விட்டுக் குலுக்கினார்.

"நீலம் ஏறினா பாசிக்கு உரம் இருக்குன்னு அர்த்தம்."

கடையில் வேறு யாரும் இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

தொட்டித் தண்ணீர் நீலமானது. பார்த்தீர்களா என்பதுபோல் தலையாட்டினேன். புதுத் தண்ணீர் அதைவிட நீலமானது.

டீச்சர் அந்த இரண்டாவது குழாயை என் கையில் கொடுத்தார்.

"இதுல மீனே இல்ல சார். இதுக்கு யார் தீனி போட்டா?"

குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"இந்தத் தண்ணியைச் சுத்தம் பண்ற வீட்டு மெஷின்ல ஃபில்டர் எப்ப மாத்தினீங்க?"

"மூணு வருஷம் இருக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "தண்ணி ருசி மாறிப்போச்சுன்னு அமுதா ரெண்டு தடவை சொன்னா. உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன்."

வார்டில் நடந்ததையும் நானாகவே சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் குழாயையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

பிறகு, வேறு எதையும் கேட்கத் தெரியாமல், "ஃபில்டரை மாத்தினா போயிடுமா டீச்சர்?" என்றேன்.

"மூணு மாசத்துல போயிடும்." குழாயை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பாசி மட்டுந்தான் சார்."

அவர் சொன்னபடியே போனது. அமுதா இருந்த காலத்து மீன்களில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு இப்போது பதினாறு வயது.