பேச்சிக்கனியின் இடது கால்

புதன்கிழமை வந்தால் டாக்டர் தில்லைநாயகி புற்றுநோய் வார்டுக்குப் பக்கத்து அறையில் ஒரு குட்டை ஸ்டூலில் உட்காருவார். எதிரே பழைய நோயாளி சுப்புத்தாய் இருப்பாள். அவளுடைய வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பேண்டேஜ் சுற்றுவார்.

அவரிடம் ஆபரேஷன் படிக்க வந்த பெனிட்டாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எத்தனையோ வயிற்றைத் திறந்து மூடிய கை. அது ஏன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார வேண்டும்?

"சிஸ்டர் கட்டிவிட மாட்டாங்களா மேடம்?"

"அடுத்த சுருளை எடு" என்றார் தில்லைநாயகி.

அந்த மாதம்தான் பேச்சிக்கனி வந்து சேர்ந்தாள். கருவாடு விற்கிறவள். தலையில் கூடையோடு ஒரு நாளைக்கு ஆறு ஊர் நடப்பாள். கர்ப்பப்பையில் புற்று.

பெனிட்டாதான் அவளுக்கு எடுத்துச் சொன்னாள். கர்ப்பப்பையிலிருந்து நிணநீர் நூல் மாதிரி வழிகளில் ஓடி, எல்லோருக்கும் இரண்டு பக்கமும் இருக்கிற நெறிக்கட்டிகளுக்குப் போகும். நோய் வெளியே கிளம்பினால் முதல் கட்டியில்தான் போய்த் தங்கும். பச்சைச் சாயம் ஊசி போட்டால் அந்த முதல் கட்டி கேமராவில் ஒளிரும். அதை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். ஒளிராத பக்கத்தில் மட்டும் எல்லாக் கட்டியையும் எடுக்க வேண்டிவரும். காலின் நீரும் அந்தக் கட்டிகள் வழியாகத்தான் போகிறது; அப்படி எடுத்தால் அது போக வழியில்லாமல் கால் வீங்கலாம்.

பேச்சிக்கனி சிரித்தாள். "எங்க யாவாரமும் அதுதான் தாயி. ஒரு கருவாட்டை எடுத்து மோந்தா கூடை பூரா தெரிஞ்சிரும். எதை எடுக்கணும்னு தெரிஞ்ச கை எடுக்கணும், அவ்வளவுதான்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள். "கால் நல்லா இருக்குமா? எனக்குச் சோறு போடுறது அதுதான்."

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றாள் பெனிட்டா.

ஆபரேஷன் அன்றைக்கு மற்ற மாணவர்களும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலது பக்கம் ஒரு கட்டி பச்சைப் பட்டாணி மாதிரி ஒளிர்ந்தது. அதை எடுத்தார்கள். இடது பக்கம் ஒரு பச்சை நூல் மட்டும் கொழுப்புக்குள் ஏறிப்போனது. கட்டி தெரியவில்லை. இடது பக்கத்தை பெனிட்டாவிடம் கொடுத்திருந்தார் தில்லைநாயகி.

"மெதுவா விலக்கு. இழுக்காதே."

எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு பெனிட்டாவுக்கு. ஒரே தடவையில் காட்டிவிடலாம் என்று கொஞ்சம் இழுத்தாள். நூல் அறுந்தது. சாயம் கசிந்து பரவியது. திரை முழுக்கப் பச்சை. கட்டி எது, கொழுப்பு எது என்று தெரியவில்லை.

கழுவிப் பார்த்தார்கள். காத்திருந்தார்கள். மறுபடி சாயம் போட்டார்கள். அதுவும் அறுந்த இடத்தில்தான் வழிந்தது.

"மொத்தத்தையும் எடுக்கணும்" என்றார் தில்லைநாயகி.

"அந்தப் பக்கத்தை விட்டுட்டா என்ன மேடம்? கால் பிழைக்கும்."

"கால் பிழைக்கும். ஆள்?"

இடது பக்கம் பதினான்கு கட்டிகள் வந்தன. ரிப்போர்ட்டில் ஒன்றில்கூட நோய் இல்லை. பேச்சிக்கனியின் மகள் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பெனிட்டா தன் மிட்டாயைக் கோட்டுப் பையில் போட்டவள், அது இளகி ஒட்டிக்கொள்ளும்வரை எடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை பேச்சிக்கனி வந்தாள். இடது கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. ஆறு ஊர் இரண்டானது, இரண்டும் நின்றது என்றாள். இப்போது பஸ் ஸ்டாண்ட் ஓரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறாளாம். உட்கார்ந்த இடத்துக்கு யார் கருவாடு தேடி வருவார்கள் என்று கேட்டாள்.

பெனிட்டாவால் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள். தன் கைதான் இழுத்தது, நூல் அறுந்ததால்தான் அவ்வளவும் எடுக்க வேண்டியதாயிற்று என்றாள்.

பேச்சிக்கனி தன் காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று பெனிட்டா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீகளே தாயி" என்றாள் பேச்சிக்கனி.

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தில்லைநாயகி வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தார். பெனிட்டா போய் வாசலில் நின்றாள். சுப்புத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குப் பன்னெண்டு வருசம் ஆச்சு" என்றாள் சுப்புத்தாய். "அப்போ இங்கே இந்தச் சாயம் எல்லாம் கிடையாது. பயந்துபோய் டாக்டரம்மா ரெண்டு பக்கமும் எடுத்துட்டாக. ஒண்ணுலயும் நோய் இல்ல. அம்மா அன்னையிலேருந்து கட்டுறாக."

தில்லைநாயகி தலையை நிமிர்த்தவில்லை.

"மேடம், இதை என்னிக்குவரை கட்டணும்?"

"அவங்க வர்றவரை."

மேசைக்கு அடியில் இன்னொரு குட்டை ஸ்டூல் கிடந்தது. பெனிட்டா இதுவரை அதைக் கவனித்ததில்லை. அதை எடுத்துப் போட்டு, பேச்சிக்கனியை உள்ளே கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். பேச்சிக்கனி தயங்கினாள். பிறகு சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, காலை அவள் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது.

தில்லைநாயகி ஒரு சுருளை நீட்டினார்.

"விரல்லேருந்து ஆரம்பி" என்றார். "இழுக்காதே."