தண்ணீர் நிற்கும் வரை

ஒரு காட்டில் ஆட்சி கைமாறும் நாள் வந்தது. வெகுகாலத்துக்கு முன் மலைக்கு அப்பாலிருந்து வந்து காட்டைப் பிடித்த சிங்கங்கள், அதை அங்கேயே பிறந்த விலங்குகளிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டன. புதிய தலைவர் யானை.

அந்தக் காட்டு ஏரிக்குள் ஒரு பெரிய பாறை. சிங்கங்களின் அலுவலகம் அதன்மேல்தான் இருந்தது. ஏரியைச் சுற்றிய புல்வெளியில் மான்களை அதுவரை விட்டதில்லை. இனி மேயலாம் என்று அவை குட்டிகளோடு காத்திருந்தன.

சிங்கங்களின் காரியங்களைப் பார்த்துவந்த நரி முன்னால் வந்தது.

"காடு முழுவதும் உங்களுக்குத்தான், ஐயா. அலுவலகம் இருக்கும் இடம் மட்டும், தண்ணீர் நிற்கும் வரை எங்களிடம் இருக்கட்டும்."

அது கோடை. பாறையடியில் ஒரு குட்டைதான் மிச்சம். சீக்கிரம் வற்றிவிடும் என்று யானை நினைத்தது.

"அதற்கென்ன, இருக்கட்டும்."

ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டையிடுவது. தரையைப் பற்றி யார் பேசினாலும் காது கொடுக்கும்.

"வரை என்றால்? காலத்தைச் சொல்கிறீரா, இடத்தைச் சொல்கிறீரா?" என்று நரியைக் கேட்டது.

"விழா நேரத்தில் இலக்கணம் கேட்கிறாயே," என்று யானை சிரித்தது. எல்லோரும் சிரித்தார்கள். நரியும் சிரித்தது. பதில் யாரும் சொல்லவில்லை.

குட்டை வற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏரி பெருகிப் புல்வெளி முழுவதும் பரவியது. தண்ணீர் தொட்ட விளிம்பெல்லாம் நரி முள் நட்டது. மழை விட்டதும் தண்ணீர் சற்று இறங்கிப் புல் தலைகாட்டியது. முள் இறங்கவில்லை. மான்குட்டிகள் வேலிக்கு இப்பால் நின்று புல்லைப் பார்த்தன.

"இதென்ன, நரியாரே?" என்றது யானை.

"நான் சொன்னது இடத்தை, ஐயா. தண்ணீர் நிற்கும் வரை எங்களுடையது. இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டீர்கள்."

குருவி வேலியோரமாக நடந்து பார்த்துவிட்டு வந்தது.

"இடம்தானே? நிச்சயமாகவா?"

"எத்தனை தடவை சொல்வது? இடம்தான்."

"நின்ற வரையா, நிற்கும் வரையா?"

நரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நிற்கும் வரை என்றுதான் என் காதில் விழுந்தது," என்றது குருவி. "முள் இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கவில்லையே."

"நீர் சொன்ன சொல்தானே, நரியாரே," என்றது யானை. "பிடுங்கி நடும்."

அன்று முதல் தண்ணீர் இறங்க இறங்க, நரி முள்ளைப் பிடுங்கி உள்ளே நட்டது. யானை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வேலி விட்டுப்போன இடமெல்லாம் மான்கள் மேய்ந்தன. அடுத்த கோடையில் ஏரி முழுதும் வறண்டது. நரி கடைசி முள்ளை வாயில் கவ்வியபடி பாறையடியில் நின்றது.

"இப்போது எதுவரை, நரியாரே?" என்றது குருவி.

நரி முள்ளைக் கீழே போட்டது. "யோசித்துப் பார்த்தால், நான் காலத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும்."

"அப்படியானால் அதுவும் இன்றோடு முடிந்தது," என்றது குருவி.

நரி மலைப்பக்கம் நடந்தது. குருவி பாறையடிச் சரளையைக் காலால் கீறிப் பார்த்து, அங்கேயே முட்டையிட உட்கார்ந்தது.

நீதி: இரண்டு பொருள் வைத்துப் பேசுபவனை இரண்டுமே கைவிடும்.