வயரைப் பிடுங்கிய பிறகு

"ஒரு பூட்டு வேணும்," என்றார் அனவரதம். செலின் வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எதுக்கு சார்?" என்றாள் செலின்.

"இன்டர்நெட் மோடத்துக்கு. எவளும் வயரைப் புடுங்க முடியாதபடிக்கு ஒரு பெட்டி செஞ்சு பூட்டணும். சாவி எங்கிட்ட இருக்கணும்."

செலின் குரு. அனவரதம் சீடர். குருவுக்கு வயது முப்பத்திநாலு, சீடருக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அடுத்தவரை வாய் திறக்கவிடாத தலைமை ஆசிரியர், இன்டர்நெட் ரேடியோ நடத்த ஆசைப்பட்டு, ஒரு சின்னப் பெண்ணிடம் கைகட்டிப் பாடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. அந்த எரிச்சல் வேறு.

பாளையங்கோட்டையில் அவர் வீட்டு முன்னறையில் மைக்கும் லேப்டாப்பும் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஜமுக்காளம் தொங்கவிடச் சொன்னவளும் அவள்தான்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஒலிபரப்புவார். ஒலிபரப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்துவார். சாக்கடை, ரோட்டுப் பள்ளம், மூன்று நாளைக்கு ஒருதரம் எட்டிப்பார்க்கும் குடிதண்ணீர், எல்லாவற்றுக்கும் ஏச்சுதான்.

எட்டு மாதமாக அந்த ஏச்சைக் கேட்டது ஒரே ஓர் ஆள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று லேப்டாப்பில் எண் காட்டும். ஏழு அடித்ததும் ஒன்று. அதற்கு மேல் ஒருநாளும் ஏறியதில்லை.

"வயரைப் புடுங்கினது யாரு?"

"என் பொண்டாட்டி சொர்ணம்தான், வேற யாரு? செவ்வாக்கிழமை பேசிக்கிட்டே இருக்கேன், அடுக்களையிலேருந்து கரண்டியோட ஓடி வந்தா. வந்த வேகத்துல புடுங்கி எறிஞ்சுட்டா. முப்பத்தஞ்சு வருஷத்துல என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. இப்ப என்ன திமிரு பாரு!"

"ஏன் புடுங்கினாங்க?"

"நான் கேக்கல. அவகிட்ட எனக்கென்ன பேச்சு? அன்னியிலேருந்து அந்த ஒத்த ஆளும் வரல. ஆறு நாளா சைபர். பாதியில நின்னுபோனா எவன் திரும்பி வருவான்? எல்லாம் சொர்ணத்தாலதான்."

செலின் மேசையைத் துடைத்து மைக்கை அவர் முன்னால் வைத்தாள். லேப்டாப்பில் வயரைச் சொருகினாள்.

"உக்காருங்க. செவ்வாக்கிழமை பேசினதையே பேசுங்க."

"பூட்டு கேட்டா பரீட்சை வைக்கியா?"

"இது சும்மா டெஸ்ட் லைன். என்னைத் தவிர யாருக்கும் போகாது. பேசுங்க."

அவள் தன் போனில் அந்த லைனைத் திறந்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அனவரதம் தொண்டையைச் செருமினார். மைக்கைப் பார்த்ததுமே அவருக்குக் கோபம் தானாக வந்துவிடும்.

"தொட்டியில தண்ணி இல்லன்னு சொல்லப் போனா, ஆபீஸ்ல ஒரு பய எந்திரிச்சு நிக்கல. பெரியவங்கன்னா எங்கய்யா மரியாதை இருக்கு? வெளிய எதுக்குப் போகணும், என் வீட்டுலயே இல்ல. ஒருத்தி இருந்தா. பொத்திப் பொத்தி வளத்தேன். வேண்டாம்னு சொன்னவனையே கட்டிக்கிட்டுப் பூனாவுக்குப் போனா. மூணு வருஷமாச்சு. தலைமுழுகியாச்சு. என்னைப் பொறுத்தவரைக்கும் அவ செத்தவதான். நாளைக்கு நான் செத்தாலும் அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

செலின் வயரைப் பிடுங்கினாள்.

"பாத்தியா! இதே மாதிரிதான் அவளும்..."

"இருங்க," என்று செலின் போனை நிமிர்த்தினாள். சத்தத்தை ஏற்றினாள்.

"...வெளிய எதுக்குப் போகணும், என் வீட்டுலயே இல்ல. ஒருத்தி இருந்தா..."

அனவரதம் வயரைப் பார்த்தார். அது தரையில் கிடந்தது.

"புடுங்கியாச்சுல்லா?"

"ஆச்சு."

"பின்ன எப்படிப் பேசுது?"

"நம்ம பேச்சு உடனே அவங்க போன்ல போய் உக்காந்திரும் சார். அரை நிமிஷம் கழிச்சுத்தான் காதுக்கு வரும். நடுவுல நாம எதைப் புடுங்கினாலும், போனது போனதுதான்."

"...மூணு வருஷமாச்சு. தலைமுழுகியாச்சு..."

எட்டு மாதத்தில் அவர் தன் ரேடியோவை ஒருநாளும் கேட்டதில்லை. பேசுகிறவன் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டார். இப்போது கேட்டார். அடச்சே என்று இருந்தது. இப்படியா பேசினோம் என்று உடம்பு கூசியது.

"நிப்பாட்டு."

செலின் அசையவில்லை.

"நிப்பாட்டுன்னு சொல்லுதேன்லா!"

"பேசுதது நான் இல்லையே சார்."

"...என்னைப் பொறுத்தவரைக்கும் அவ செத்தவதான்..."

போன் கடைசி வார்த்தை வரைக்கும் பேசிவிட்டுத்தான் ஓய்ந்தது. வாசப்படியைக்கூட விடவில்லை.

"அந்த ஒத்த ஆளு யாரு?" என்று கேட்டார் அனவரதம்.

செலின் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். எட்டு மாதத்துப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் காலை ஏழு மணி. ஒவ்வொரு வரியிலும் ஊர் பூனா. கடைசி வரி செவ்வாய்க்கிழமை. அன்று மட்டும் ஏழு இருபத்திரண்டோடு முடிந்திருந்தது.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீங்க கேட்டீங்களா? எத்தனை பேரு, எத்தனை பேருன்னுதான் வாரத்துக்கு நாலு தடவை கேட்டீங்க. யாருன்னு ஒரு தடவை கேட்டீங்களா?" இப்போது குருவுக்கும் குரல் ஏறிவிட்டது.

"அவளுக்கு எதுக்கு என் ரேடியோ? நான் பேசுதது பாளையங்கோட்டைச் சாக்கடையைப் பத்தி!"

"அதான் சார் நானும் கேக்கேன். பூனாவுல குடியிருக்கவங்களுக்கு நம்மூர்ச் சாக்கடை எதுக்கு?"

அனவரதம் எழுந்தார். பூட்டைப் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி.

செவ்வாய்க்கிழமை பிடுங்கியதிலிருந்து மோடத்தின் பிளக் ஆட்டம் கண்டிருந்தது. ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து இத்தனை நாள் ஓட்டியிருந்தார். இன்றைக்கென்று பார்த்து அதுவும் நசுங்கிப்போனது. மோடத்தில் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

"சொர்ணம்!"

அவள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். ஏழு நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"இந்த சனியன் நிக்க மாட்டேங்கு. வந்து அமுக்கிப் புடி."

"எதுக்கு? இன்னொரு தடவை அவளைக் கொல்லவா?"

அனவரதம் மைக்கைப் போட்டார். எண்ணைப் பார்த்தார். சைபர்.

"வடிவு," என்றார்.

மகளின் பெயர். மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. முப்பது வருஷம் பேசியே பிழைத்த மனிதர், மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். விளக்கு அணைந்தது.

சொர்ணம் கரண்டியை ஜன்னலில் வைத்தாள். தரையில் உட்கார்ந்து, பிளக்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். விளக்கு எரிந்தது.

"பேசித் தொலைங்க," என்றாள்.